கோனோகார்பஸ் வெட்டிய இடத்தில் நொச்சி வையுங்கள்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தாருக்கு,



கோனோகார்பஸ் செடியை இனி நடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2025-ல் உத்தரவிட்டது. குஜராத் அதை 2023-லேயே செய்துவிட்டது. மகரந்தத்தால் சளியும் இருமலும் மூச்சுத்திணறலும் வருகின்றன, வேர் குடிநீர்க் குழாய்க்குள்ளும் கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் புகுகிறது என்ற புகார்கள் எல்லா ஊரிலும் எழுந்தவை. சோமாலியக் கரையிலும் ஏமனிலும் பிறந்த அந்தச் செடி சீக்கிரம் வளரும், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும், பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னலை மறைக்கும். இந்த மூன்று காரணத்துக்காகத்தான் நம் காம்பவுண்டுச் சுவர் ஓரங்களில் அதை வரிசையாக வைத்தோம். வெட்டிய இடத்திலும் வெட்டப்போகிற இடத்திலும் அடுத்து என்ன வைப்பது என்ற பேச்சு உங்கள் கூட்டத்துக்கு வந்திருக்கும், அல்லது விரைவில் வரும்.

அந்த இடத்தை நொச்சிக்குக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நர்சரிக்காரர் வேறு யோசனைகளோடு வருவார். மஞ்சள் பச்சையாக மின்னும் கோல்டன் டுராண்டாவைக் காட்டுவார். அதன் உருண்டைப் பழம் நஞ்சு. கீழே குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் அது வேண்டாம். அரளி சொல்வார். பூ அழகுதான், செடியும் சாகாது. ஆனால் இலை, பூ, தண்டு, பால் எல்லாமே விஷம். கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024-ல் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்தியது அந்த அச்சத்தால்தான். இன்னும் பெயர் தெரியாத பல வெளிநாட்டுச் செடிகள் வரும். அவை அழகாக நிற்கும், மாதம் ஒருமுறை தோட்டக்காரர் வெட்டுவார், வெட்டியதெல்லாம் குப்பை வண்டியில் போகும். அவற்றின் ஓர் இலையைக்கூட எந்த வீட்டுச் சமையலறையும் கேட்காது.

நொச்சியைப் பார்த்தறியாத இளையவர்களும் உங்கள் சங்கத்தில் இருப்பார்கள். ஆள் உயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் வரை, விட்டால் சிறு மரமாகவும் வளரும் புதர் அது. ஒரு காம்பில் விரல்போல் பிரிந்த மூன்று அல்லது ஐந்து இலைக்கூறுகள். மேற்புறம் மங்கலான பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை. காற்றடிக்கும்போது இலைகள் புரண்டு செடி முழுவதும் வெள்ளி நிறம் ஓடும். கிளை நுனிகளில் நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். இலையைக் கசக்கினால் காரமும் கற்பூரமும் கலந்தாற்போன்ற வாசனை வரும். துளசி குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஆடு மாடு வாய் வைக்காது. அதனாலேயே தமிழ்நாட்டின் கிராமங்களில் கொல்லைக்கும் வயலுக்கும் அது வேலியாக நின்றது.

வீட்டோரம் நிற்பது நொச்சிக்குப் புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் 1937-ல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகையில், கொல்லன் அழிசி பாடிய 138-ஆம் பாட்டில், நள்ளிரவில் ஊரெல்லாம் உறங்கினாலும் தாங்கள் உறங்கவில்லை என்கிறாள் ஒருத்தி. அவர்கள் காதில் விழுவது வீட்டுக்குப் பக்கத்து நொச்சியின் பூ உதிரும் ஓசை. இலையை மயிலின் பாதத்துக்கு ஒப்பிடுகிறார் புலவர். நொச்சியை ஒருமுறை பார்த்தவர் அந்த ஒப்புமையை மறக்க மாட்டார். கோட்டையைக் காத்து நின்ற வீரர் சூடியதும் இந்தப் பூவைத்தான். அந்தப் பதிப்பாசிரியரின் பெயரில் இயங்கும் நூலகம் நம் பெசன்ட் நகரில்தான் இருக்கிறது. அந்த நொச்சியை அதே தெருக்களில் தேடிப் பாருங்கள். பத்துக் கட்டடத்துக்கு ஒன்று கண்ணில் பட்டாலே பெரிது.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஆண்டுக்கு ஒருநாள் நொச்சி கைக்கு வருகிறது. விநாயக சதுர்த்திக்கு முந்தின நாள் மாட வீதிகளில் அருகம்புல்லோடும் எருக்கம் மாலையோடும் கட்டி விற்கும் பத்ரக் கட்டில், இருபத்தொரு இலைகளுள் ஒன்றாக நொச்சியும் உண்டு. பூஜைப் பட்டியலில் சிந்துவார பத்ரம் என்று வருவது அதுதான். மறுநாள் மற்ற நிர்மால்யத்தோடு அதுவும் போய்விடுகிறது.

நொச்சி என்றதும் உங்களில் பலருக்குக் கொசு நினைவு வரும். அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நொச்சிக்குக் கெட்ட பெயர் வந்தது அதனால்தான். 2010-களின் முற்பகுதியில் சென்னை மாநகராட்சி, நீர்வழிகளின் ஓரம் வாழும் குடும்பங்களுக்குக் கொசுவலையும் நொச்சிக் கன்றும் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல எண்ணத்தில் வந்த திட்டம். ஆனால் செடி வந்த வேகத்தில் அதைப் பயன்படுத்தும் பழக்கம் வரவில்லை. நொச்சியை வாசலில் வைத்தால் கொசு வராது என்று ஊரில் ஒரு நம்பிக்கை பரவியது. வைத்தார்கள், கொசு வந்தது. “நொச்சியெல்லாம் சும்மா” என்று செடியைக் கைவிட்டார்கள்.

உண்மை இதுதான். கொசுவுக்குப் பிடிக்காத எண்ணெய் நொச்சி இலைக்குள் அடைபட்டிருக்கிறது. கசக்கினால், கொதிக்க வைத்தால், தணலில் போட்டால் அது வெளியே வரும். சும்மா நிற்கிற செடியிலிருந்து கொசுவை விரட்டும் அளவுக்கு எதுவும் வெளிவராது. நம் பாட்டிமார் செடியை நட்டுவிட்டுக் கொசு ஓடுமென்று காத்திருக்கவில்லை. காய்ந்த நொச்சியையும் வேம்பையும் மாலையில் தணலில் போட்டு மாட்டுக் கொட்டிலிலும் முற்றத்திலும் புகை காட்டினார்கள். ஜன்னல் மூடிய இன்றைய பிளாட்டுக்குள் அந்தப் புகையைப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் எந்தப் புகையும் கெடுதலே.

டெங்கு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. சாக்கடையில் அல்ல, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் பக்கெட், மொட்டை மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா, இவைதான் அதன் இடங்கள். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். வெறுமனே கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த தண்ணீரில் பொரியும். சென்னையின் மலேரியாக் கொசுவோ மூடாத மேல்நிலைத் தொட்டியையும் கிணற்றையும் தேடும். பூந்தொட்டியில் நொச்சி வைத்து அடியில் தட்டு வைத்தால் அந்தத் தட்டிலேயே டெங்கு கொசு வளரும். எனவே வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளரைக் கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டு, “எங்களிடம் நொச்சி இருக்கிறது” என்று எந்தச் சங்கமும் சொல்லக் கூடாது. நொச்சியைக் கேட்கிற நானே இதை அழுத்திச் சொல்கிறேன். கொசுவுக்காக நொச்சி வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே ஏமாந்து போவீர்கள். அது உங்களுக்கு எதற்கு ஆகும் என்று தெரிந்து வைத்தால் தலைமுறைக்கும் நிற்கும்.

அது ஆகிற இடம் மழைக்காலத்துச் சளி. ஐப்பசி, கார்த்திகையில் மூக்கடைப்பும் தலைபாரமும் இல்லாத வீடு நம் பகுதியில் குறைவு. கைப்பிடி இரண்டு நொச்சி இலை, ஒரு சிட்டிகை மஞ்சள், அகலப் பாத்திரத்தில் தண்ணீர். கொதித்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை ஆடாத இடத்தில் தரையில் இறக்கி, துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் ஆவி பிடித்தால் மூக்கு திறக்கும், தலைபாரம் இறங்கும். சித்த மருத்துவத்தில் இதை வேது பிடித்தல் என்பார்கள். நிழலில் உலர்த்திய இலையைப் பருத்தி உறையில் அடைத்துத் தலையணையாக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வாசனை போனதும் இலையை மாற்ற வேண்டும். விளக்கெண்ணெய் விட்டு வதக்கித் துணியில் முடிந்து மூட்டுக்கும் சுளுக்குக்கும் ஒத்தடம் கொடுப்பது வயதானவர்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளின் உடல்வலிக்கு நொச்சி போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளிப்பாட்டுவது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது.

எல்லையையும் சொல்ல வேண்டும். ஆவி மூக்கைத் திறக்கும், கிருமியைக் கொல்லாது. கொரோனா இரண்டாம் அலையில் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் முளைத்தபோது, அப்படிக் கூட்டமாகப் பிடிப்பதைத் தவிர்க்கச் சொல்லி 2021 மே மாதத்தில் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். தொற்று அங்கேதான் எளிதில் பரவும். சிறு குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள். கொதிநீர்ப் புண்களுக்கு அதுவும் ஒரு காரணம். காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், நொச்சிக் குளியலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உள்ளுக்குச் சாப்பிடுவது சித்த மருத்துவர் சொன்னால் மட்டும், கர்ப்பிணிகள் அதையும் தவிர்க்கலாம். கேட்டறிய தொலைவு போக வேண்டாம்: தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது, இந்திய மருத்துவர்கள் 1944-ல் கூட்டுறவாகத் தொடங்கிய இம்ப்காப்ஸ் நம் திருவான்மியூரிலேயே இருக்கிறது.

இது கிராமத்துக் கைவைத்தியம்தானே என்று நினைக்கும் இளம் உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி. பிலிப்பைன்ஸ் நாட்டில் இதே நொச்சிக்கு லகுந்தி என்று பெயர். 1970-களில் அங்கே அரசு ஆதரவோடு தொடங்கிய மூலிகை ஆய்வுத் திட்டம், மக்கள் பயன்படுத்தும் செடிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தது. 1990-களில் அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் நம் பாகலும் பூண்டும் கொய்யாவும் சீமை அகத்தியும் உண்டு. இருமலுக்கு என்று தேர்ந்ததோ லகுந்தி. மனிதர்களிடம் சோதித்து, அளவு வகுத்து, மாத்திரையும் சிரப்புமாக மருந்துக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 1997-ல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே சட்டம் போட்டார்கள். மணிலாவில் இருமலோடு மருந்துக் கடைக்குப் போகிறவர் நொச்சி மாத்திரை வாங்கி வருகிறார். புறநானூற்றுக் காலத்திலிருந்து இதை அறிந்த நாம், அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஆய்வு உங்கள் சங்கத்தின் வேலையல்ல. செடியை ஊருக்குள் உயிரோடு வைத்திருப்பது உங்களால் முடியும்.

“இலை வேண்டுமென்றால் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் கட்டாகக் கிடைக்கிறதே” என்று ஒரு நண்பர் கேட்டார். கிடைக்கிறது. அந்தக் கட்டு எந்தச் சாக்கடை ஓரத்தில் ஒடித்தது, எந்த ரோட்டுப் புகை படிந்தது என்று விற்கிற அம்மாவுக்கும் தெரியாது. கொதிநீரில் போட்டு முகத்தை அதன் மேல் கவிழ்க்கப்போகிற இலை, நாம் அறிந்த மண்ணில், நாம் மருந்தடிக்காத செடியில் வந்திருக்க வேண்டும். கட்டடத்துக்கு ஒரு நொச்சி வேலி இருந்தால் பத்துக் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் போதும்.

பூக்கும்போது தேனீ வரும். “தேனீ கொட்டுமே” என்று கூட்டத்தில் யாராவது எழுவார். பூவில் மேய்கிற தேனீ தன் வேலையைப் பார்க்கும். நாம் கையை நீட்டினால் ஒழியக் கொட்டாது. சீனாவின் வடக்கு மலைப் பகுதிகளில் நொச்சியின் ஒரு வகைதான் தேனுக்குப் பெயர்போன செடி. அந்தத் தேன் தனிப் பெயரோடு விற்கிறது. மொட்டை மாடியில் கத்தரியும் வெண்டையும் சுரையும் வைத்திருப்பவர்கள் அந்தத் தேனீக்களை வரவேற்பார்கள், ஏனென்றால் சுரையும் பூசணியும் காய்க்க அவை உதவும். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் வெளியில் விஷம் வாங்குகிறவர்களுக்கும் நொச்சி உதவும். நொச்சி, வேம்பு, ஆடாதோடை, எருக்கு என்று ஆடு தின்னாத இலைகளை நசுக்கி ஊறவைத்துத் தெளிக்கும் ஐந்திலைக் கரைசலை இயற்கை விவசாயிகள் நன்கு அறிவார்கள். அவர்கள் கோமியத்தில் ஊறவைப்பார்கள். அடுக்குமாடியில் அந்த வாடை பிரச்சினையாகும் என்றால் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு வடிகட்டித் தெளிக்கலாம். தாத்தா பாட்டி காலத்தில் நெல்லுக்கும் பயறுக்கும் இடையே காய்ந்த நொச்சி இலையைப் போட்டார்கள். துவரம் பருப்பு டப்பாவில் நீங்களும் துணி முடிச்சாகப் போட்டுப் பாருங்கள்.

இனி மண். நம் மூன்று பகுதிகளும் ஒரே மண் அல்ல. மயிலாப்பூரின் கிழக்கே, சாந்தோம், நொச்சிக்குப்பம் பக்கம் மணலும் உப்புக் காற்றும். அடையாறு, காந்தி நகர், கோட்டூர்புரத்தில் ஆற்று வண்டல். 2015 டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் நின்ற தெருக்கள் அவை. தியாகராய நகரோ ஏரியின் மேல் நிற்கிற ஊர். நீளமாகக் கிடந்த மாம்பலம் ஏரியை வடித்து, 1923-ல் தொடங்கி அந்தக் குடியிருப்பை அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். ஏரியின் களிமண் இன்னும் அடியில் இருக்கிறது; ஒவ்வொரு மழைக்கும் தெரு அதை நினைவூட்டுகிறது. இந்த ஊரில் ஒரு செடி நிற்க வேண்டுமென்றால் 2015-ன் வெள்ளத்தையும் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டதையும் தாங்க வேண்டும். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கிற நொச்சி வறட்சியையும் பொறுக்கிற செடி. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அந்தக் கோடையில் புல்தரையை எப்படிக் காப்பது என்று தவித்த சங்கங்களுக்கு இதன் அருமை தெரியும்.

செடி வாங்கப் பணம் வேண்டாம். பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த, முற்றிய போத்தை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்த்து நட்டால் ஐப்பசி மழையிலேயே வேர் பிடிக்கும். தலைகீழாக நட்டுவிடாதபடி அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு ஒன்றாக, இடம் இருந்தால் இரண்டு வரிசையாக, முன் வரிசைச் செடிகளின் இடைவெளியில் பின் வரிசைச் செடி வரும்படி நடுங்கள். சம்ப் சுவரையும் கழிவுநீர்க் குழாயையும் விட்டுத் தள்ளி நடுவது எந்தச் செடிக்கும் நல்லது. சுவர் ஓரம் முழுக்க டைல்ஸ் போட்டுவிட்ட கட்டடங்கள் ஒரு முழ அகலத்துக்காவது அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும். மழைநீர் இறங்கவும் அது வழி.

நர்சரியில் வாங்குவதென்றால் கவனம். கருநொச்சி என்று கொடுப்பது பெரும்பாலும் வேறு குடும்பத்துச் செடி. தண்டு கருஞ்சிவப்பாக, இலை ஒற்றையாக நீண்டிருக்கும். அதற்கும் மருத்துவ குணம் உண்டு, ஆனால் அது இதுவல்ல. இலை ஓரம் வெள்ளையாகவோ அடிப்புறம் ஊதாவாகவோ அலங்காரத்துக்கு விற்பது நீர்நொச்சியின் வகைகள். அவை நொச்சிக்கு உறவு, பூவும் அழகு. முன்வாசலில் பார்வைக்கு வேண்டுமென்பவர்கள் அதை வைக்கலாம். வேலிக்கும் வேதுக்கும் விரல்போல் பிரிந்த, அடிப்புறம் சாம்பல் பூத்த, கசக்கினால் மணம் ஏறுகிற நொச்சியையே கேளுங்கள்.

நட்ட ஆண்டு அது நோஞ்சானாகத்தான் இருக்கும். கோனோகார்பஸ்போல் ஆறு மாதத்தில் சுவர் எழாது. கோடையில் இலை கொஞ்சம் உதிரும், இடைவெளி தெரியும். அப்போது சங்கத்தில் முணுமுணுப்பு எழும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முழம் வளர்ந்ததும் நுனியை வெட்டினால் அடியிலிருந்து கிளை வெடிக்கும். பிறகு ஆண்டுக்கு இரண்டு கவாத்து: தை மாதம் மழை முடிந்ததும் ஒன்று, ஆடியில் ஒன்று. புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால் வெட்டினால் பூ குறையாது, கூடும். இரண்டு ஆண்டில் ஆள் உயரத்துக்கு அடர்ந்த வேலி நிற்கும்.

இங்கேதான் உங்கள் ஒப்புதலுக்கும் மேலான ஒன்றைக் கேட்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் நொச்சி வரிசை நன்றாகவே வந்தது. ஆனால் யாரும் இலையைத் தொடவில்லை. தொட்டால் சங்கம் கேட்குமோ என்று குடியிருப்பவர்களுக்குத் தயக்கம், எப்போது வெட்டுவது என்று தோட்டக்காரருக்குத் தெரியவில்லை. செடி தன்பாட்டுக்கு வளர்ந்து அடியில் மொட்டையாகி, மேலே ஒயரில் மோதியது. மின்வாரியத்துக்குப் பயந்து அடியோடு வெட்டினார்கள். அங்கே செடிமேல் குற்றமில்லை. நொச்சியின் பயனெல்லாம் இலையில் இருக்கிறது, இலை வெட்டினால்தான் வரும், வெட்டினால்தான் வேலி அடர்கிறது. இலையைக் கேட்கும் வீடுகள் அந்தக் கட்டடத்தில் இருந்தால் மட்டுமே நொச்சி அங்கே வாழும்.

ஆகவே பொதுக்குழுவில் “நொச்சி நடுவோம்” என்று மட்டும் தீர்மானம் எழுதாதீர்கள். எந்த வீட்டாரும் கைப்பிடி இலை பறிக்கலாம் என்று எழுதுங்கள். தையிலும் ஆடியிலும் கவாத்து என்று தேதி குறியுங்கள். அன்று வெட்டிய தழையைக் குப்பை வண்டியில் ஏற்றாமல் வாசலில் குவித்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மிஞ்சியதை நிழலில் உலர்த்தத் தளத்தில் ஒரு மூலை ஒதுக்குங்கள். உங்கள் கட்டடத்தில் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாக்களையும் வாட்ச்மேன் அண்ணனையும் அந்தக் குவியலுக்குக் கூப்பிடுங்கள். நொச்சியை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டக்காரருக்கு இது கூடுதல் வேலை. அதற்கான கூலியை மெயின்டனன்ஸ் கணக்கில் சேருங்கள். பூச்சிமருந்து அடிக்கிற ஒப்பந்தக்காரர் வரும் நாளில் வேலிப் பக்கம் தெளிக்கக் கூடாது என்பதை எழுத்தில் கொடுங்கள். பூந்தொட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை கழுவுவதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிட்டால் டெங்குவுக்கும் உண்மையான ஒரு வேலை நடந்துவிடும்.

இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வெட்டிய இடத்தைக் கொத்தி, கட்டடக் கழிவையும் சிமென்ட் கட்டிகளையும் பொறுக்கி எடுத்து, கொஞ்சம் தொழு உரமோ இலை மக்கோ கலந்து ஆறப்போடுங்கள். எங்கள் வேலி மயிலாப்பூரில் இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் போத்துக்காக மட்டும் கொஞ்சம் வெட்டுவோம். ஈரச் சாக்கோடு உங்கள் தோட்டக்காரரை அனுப்புங்கள். அவர் கண்முன்னே போத்து வெட்டி, எது அடி, எது நுனி என்று காட்டி, உங்கள் சுவருக்கு வேண்டிய அளவு கட்டிக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
மயிலாப்பூரில் நொச்சி வேலி வளர்க்கும் குடியிருப்புவாசி